ஒன்பது பரங்கி விதைகள்

அத்தியாயம் 11

ஆடிப் பதினெட்டு அன்று விடிந்தும் விடியாமல் பாப்பாயி தோட்டத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கத்தரிக்கு ஊற்றினாள், வெண்டைக்கு ஊற்றினாள், காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

பாப்பாயியின் அப்பா தங்கையன் உப்பிலியபுரத்தில் பஸ் ஏறியதோடு போன வாரம் விட்டோம். மனிதர் நேற்றுச் சாயங்காலமே பொன்மலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மாமியார் சந்திரம்மாள் அதற்குப் பதில் சொல்லாமல் காப்பித்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் அப்படித்தான், பெரிய சண்டைக்கு முன்னால் உபசாரம் பலமாக இருக்கும்.

பாப்பாயியின் புருஷன் வீரமலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணமான ஆறாவது மாதம் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்காரிடமிருந்து ஒரு பழுப்புக் காகிதம் வந்தது. 'காணவில்லை' என்று போட்டிருந்தது. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அப்படி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து எழுதச் சர்க்காரால்தான் முடியும்!

காகிதம் வந்த அன்றைக்குச் சந்திரம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமனார் நல்லுசாமி, அதுவரைக்கும் தெருவே கேட்கிற மாதிரி பேசுகிற மனிதர், வாயை மூடியவர்தான், இன்னும் திறந்தபாடில்லை. பாப்பாயி என்ன செய்தாள் தெரியுமா? அடுப்பில் கத்தரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. அடிப்பிடித்துவிடப் போகிறதே என்று எழுந்து போய்க் கிளறிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. தின்றாள், தூங்கினாள், தண்ணீர் ஊற்றினாள்.

தோட்டம் என்றால் பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. சண்டைக்காலம், அரிசி பருப்பெல்லாம் ரேஷன். காய்கறியாவது விளைந்து தொலையட்டும் என்று போன வருஷம் காலனிக்குப் பின்னால் கிடந்த பொட்டலைக் கயிறு பிடித்துப் பிரித்து, வீட்டுக்கு ஐந்து சென்ட் கொடுத்தார்கள். சித்திரையில் அது ஓடாகக் காய்ந்து வெடிக்கும். ஐப்பசியில் பெய்கிற மழையில் பாத்தி எது வாய்க்கால் எது என்று தெரியாது. மார்கழிப் பனிக்கு அவரைக் கொடி முழுக்க அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். ஆடியிலோ காற்று! வெண்டைச் செடியைப் பிடித்து முறித்துப் போட்டுவிட்டுப் போகும். அத்தனைக்கும் ஈடு கொடுத்துப் பாதி நிலத்தைப் பச்சையாக வைத்திருந்தாள் பாப்பாயி.

மறு பாதி வெறுந்தரையாகக் கிடந்தது. அங்கே எதையும் போடச் சந்திரம்மாள் விடவில்லை. "அது பரங்கிக்கு. என் புள்ள வந்து அவன் கையால போடுவான்" என்பாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலனிக் குமாஸ்தா வந்து பார்த்து, ஆடி கழிவதற்குள் நட்டால் நட்டதுதான், இல்லாவிட்டால் அந்தப் பாதியை வேறு ஆளுக்கு எழுதிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பரங்கி விதை வீட்டுச் சுவரில் இருந்தது. வீரமலை பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தின நாள் ஒட்டிவைத்தது. கொல்லையில் காய்த்த பரங்கியின் விதையைச் சாம்பலும் சாணியும் சேர்த்துப் பிசைந்து, வறட்டி மாதிரி சுவரில் அறைந்து வைத்தால் அடுத்த பட்டத்துக்குப் பூச்சி விழாமல் இருக்கும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஊரில் வெளிச் சுவரில் நிழல் பார்த்து ஒட்டுவார்கள். இங்கே குவார்ட்டர்ஸ். வெள்ளையடித்த வெளிச் சுவரில் சாணி பட்டால் அபராதம். அதனால் வீரமலை சமையலறைக்குள் கரி அடுப்புக்கு மேலே ஒட்டினான். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. சந்திரம்மாள் சமைக்கும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்ப்பாள்.

அந்த வீட்டில் அந்த மனிதனுடையது என்று மிஞ்சியிருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

*

ஜங்ஷன் வரைக்கும் ரயில், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பஸ். நாலு பேரும் அம்மா மண்டபத்தில் இறங்கும்போது படித்துறையில் எள் போட இடமில்லை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் செக்கச் சிவந்து இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. ஈரப் புடவையும் மஞ்சளும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் கூட்டம். புதுப்பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நல்லுசாமி சித்திரான்னத் தூக்கைப் பிடித்துக்கொண்டு மேல் படியில் நின்றார். அவருக்கு வலது கையில் மூன்று விரல்தான். சின்ன வயதில் ஊரில் கரும்பு ஆட்டும்போது சுண்டு விரலையும் அடுத்த விரலையும் ஆலை வாங்கிக்கொண்டுவிட்டது. அந்த மூன்று விரலால் தூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லுளிமங்கன் மாதிரி ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

சந்திரம்மாள் முங்கி எழுந்தாள். மடியிலிருந்து புதுக் கயிற்றை எடுத்து மஞ்சள் தடவினாள்.

"கழுத்தைக் காட்டு."

பாப்பாயி காட்டினாள்.

"நிறுத்துங்க சம்பந்தி." தங்கையன் இரண்டு படி இறங்கி வந்தார்.

"எதை நிறுத்தச் சொல்றீங்க?"

"மூணு ஆடிக்கு மாத்தியாச்சு. இன்னும் யாருக்காக மாத்துறது?"

"என் மவனுக்காக."

"உங்க மவன் எங்க இருக்காரு? இடத்தைச் சொல்லுங்க, நானே போய்க் கூட்டியாறேன்."

பக்கத்தில் காப்பரிசி தின்றுகொண்டிருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இருபத்திரண்டு வயசு சம்பந்தி அவளுக்கு" என்றார் தங்கையன். குரல் கெஞ்சுவதா அதட்டுவதா என்று தெரியாமல் தடுமாறியது. "நம்ம சனத்துல அறுத்துக் கட்டுற வழக்கம் இல்லாமலா போச்சு? எங்க ஊருல ஒருத்தர் இருக்காரு. கிணத்துப் பாசனம் நாலு ஏக்கர். சம்சாரம் தவறி ரெண்டு வருஷம் ஆவுது. நல்ல மனுசன். நான் கண்ணை மூடுறதுக்குள்ள..."

"வாயைக் கழுவுங்க! ஆடிப்பெருக்கும் அதுவுமா ஆத்துல நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"வேற எங்க நின்னு பேசுறது? வீட்டுல பேசுனா காப்பித்தண்ணி குடுக்குறீங்க!"

இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். பாப்பாயி இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்தை நீட்டியபடியே நின்றாள். யாரோ விட்ட தேங்காய் ஒன்று சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அது எப்போது வெளியே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி." சந்திரம்மாள் கயிற்றை மடியில் செருகிக்கொண்டு இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினாள். "காவேரி சாட்சியாச் சொல்றேன், கேட்டுக்கங்க. என் மவன் கையால ஒட்டுன விதை வீட்டுல இருக்கு. அதை இன்னிக்கே போடுறேன். எட்டு நாளைக்குள்ள ஒத்த முளை வந்தாலும் என் மவன் உசுரோட இருக்கான். இவ எங்க வீட்டுலதான் இருப்பா. நீங்க மறுபேச்சு பேசப்படாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா..." சந்திரம்மாளின் கையிலிருந்து தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டது. "வரலேன்னா நானே கயித்தைக் கழட்டித் தரேன். கூட்டிட்டுப் போங்க."

ஆற்றைச் சாட்சி வைத்தவளிடம் என்ன பேசுவது? "சம்மதம்" என்றார் தங்கையன்.

மேல் படியில் நின்ற நல்லுசாமி தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாப்பாயியின் இலையில் விழுந்தது புளிச் சாதமா தேங்காய்ச் சாதமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மென்று விழுங்கினாள். விதையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்த விதை முளைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

போன மாசியில் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அந்த வறட்டியின் ஓரத்தைச் சுரண்டி மூன்று விதைகளை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் பிரித்தால் நாற்றம்! ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே பருப்பு இல்லை, கறுப்புத் தூள் இருந்தது. மூன்றரை வருஷம் கரி அடுப்பின் அனலில் வெந்த விதை வேறு எப்படி இருக்கும்? பூச்சி விழக்கூடாது என்று ஒட்டினான், பூச்சி விழவில்லைதான். அத்தையிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்தாள். அத்தை அடுப்பு ஊதிக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் சந்திரம்மாள் ஈரத்தோடு சமையலறைக்குப் போனாள். தோசைத் திருப்பியை எடுத்துச் சுவரில் கொடுத்தாள். கட்டை விரல் இருந்த பக்கம் முதலில் பெயர்ந்தது. பிறகு உள்ளங்கை. ஐந்து விரலும் முறத்தில் தூள் தூளாக விழுந்தபோது அவள் ஒரு சத்தம் போட்டாள், அழுகையும் இல்லை, கூப்பாடும் இல்லை, இன்னது என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். பாப்பாயி முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கண்ணிலும் தண்ணீர் வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

தூளில் பொறுக்கியதில் ஒன்பது விதை தேறியது.

தங்கையன் ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஐம்பது வருஷம் மண்ணில் கிடந்த கை அது. விதை சருகாக இருந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முகம் ஒரு கணம் மாறியது. விதையை முறத்தில் வைத்துவிட்டு, "மகராசியாப் போடுங்க சம்பந்தி" என்றார்.

நல்லுசாமியும் எட்டிப் பார்த்தார். அவர் எதையும் தொடவில்லை.

வெறும் பாதியின் நடுவில் மூன்று குழி. குழிக்கு மூன்று விதை. தொழுவுரம் போட்டு மூடி, சந்திரம்மாள் ஒரு குச்சியை நட்டு, புது மஞ்சள் கயிற்றை அதில் கட்டினாள். "முளைச்சதும் இதை எடுத்து உன் கழுத்துல கட்டுறேன்" என்று பாப்பாயியின் கன்னத்தைத் தடவினாள். "நீ ஒண்ணும் கவலைப்படாத." ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எல்லாரும் போனபின் பக்கத்துத் தோட்டத்து அக்னஸ் வேலி ஓரமாக வந்தாள். ரயிலில் கார்டு வேலை பார்க்கிறவரின் சம்சாரம், மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"என்ன பாப்பாயி அது? வறுத்த விதையாட்டம் இருக்கு?"

"பழைய விதைதான்க்கா."

"கடையில வாங்கிக்கப்படாதா? எங்கிட்ட இருக்கு பாரு. போன வாரம் போட்டேன், நாலாம் நாளே தலையைக் காட்டிருச்சு." கேட்காமலே ஒரு காகிதப் பொட்டலத்தை வேலிக்கு மேலே நீட்டினாள். பிரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஆறு பரங்கி விதை.

பாப்பாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த முடிச்சு மத்தியானம் முழுக்க இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே அத்தை, எட்டாம் நாள் என்ன கிழமை என்று பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா குறட்டை. ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்குகிற குறட்டை. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

குழியில் இந்த விதையைப் போட்டால் முளைக்கும். முளைத்தால் கயிறு கழுத்தில் ஏறும். அடுத்த ஆடி, அதற்கடுத்த ஆடி என்று அவள் இந்த அடுப்படியிலேயே கிழவியாவாள். போடாவிட்டால் உப்பிலியபுரம். வேறு வீடு, வேறு அடுப்பு, முகம் தெரியாத ஒரு மனிதன். ஆனால் போடாவிட்டால் எட்டாம் நாள் அத்தையின் மகன் செத்துப்போவான். சர்க்கார் கூடத் துணிந்து எழுதாததை அவள் கையால் எழுதின மாதிரி ஆகும்.

இதில் எது வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

*

வெயில் தாழ்ந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். மேற்கே கருத்திருந்தது. நாலு தூறல் விழுந்து நின்றது. ஆடியில் மழையை நம்ப முடியாது, ஆசை காட்டிவிட்டுப் போய்விடும்.

முதல் குழிக்குப் பக்கத்தில் குந்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போடப் போகிறாளா இல்லையா என்று அப்போதும் அவளுக்கே தெரியாது. கை மட்டும் தானாகப் போய் மண்ணை விலக்கியது.

மேலாகவே ஒரு விதை தட்டுப்பட்டது. வெள்ளை விதை.

இன்னும் விலக்கினாள். வெள்ளையாக இன்னொன்று. அதற்கு அடியில் அத்தை போட்ட கருகல் விதை மூன்று.

அவசரமாக இரண்டாவது குழிக்குப் போனாள். அங்கே மண்ணைக் கிளறத் தேவைப்படவில்லை. யாரோ மூடிவிட்டு, ஈர மண்ணை உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அதற்கப்புறம் விரல் இல்லை. மூன்று விரல் கை.

மாமா.

அப்படியானால் மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது! விதை செத்தது தெரியும். அதற்குமேல் என்ன தெரியும்? மகன் இருக்கிறான் என்று நம்புகிற தகப்பன் எதற்காகக் கடை விதையை மறைத்துப் போடவேண்டும்?

இடுப்புக்கு மேலே சுரீரென்று ஏதோ ஏறியது. கோபம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. அத்தை ஆற்றைக் கேட்டாள், அப்பா சம்மதம் சொன்னார், மாமா இரகசியமாக விதை போட்டார். இத்தனை பேரில் ஒருவருக்காவது, உனக்கு என்ன வேணும் என்று என்னைக் கேட்கத் தோன்றவில்லையே! குடத்தை எடுத்தாள், மூன்று குழிக்கும் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றின வேகத்தில் விரல் அச்சு கரைந்துபோனது.

வீட்டுக் கொல்லையில் நல்லுசாமி குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்துனியாம்மா?"

"ஊத்துனேன்."

"குழியைப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"முளைக்கலேன்னா உங்க அத்தை தாங்க மாட்டா. அதான் போட்டேன்."

"அப்ப நான்?"

கேட்ட பிறகுதான், கேட்டது தன் வாய் என்று பாப்பாயிக்கு உறைத்தது. நல்லுசாமி குழாயை மூடினார். இரண்டு வருஷமாகப் பேசாத மனிதர் பேச்சைத் தேடித் தேடி எடுத்தார்.

"அவன் வரமாட்டான்னுதாம்மா எனக்குப் படுது. உங்க அத்தைகிட்ட அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உங்கிட்டச் சொல்றேன். நாலு நாள்ல முளைக்கும். காலையில முதல்ல தோட்டத்துக்குப் போறது நீதான். உனக்குப் போவணும்னு இருந்துச்சுன்னா, தலை காட்டுனதும் கிள்ளிப் போட்டுடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன். இருக்கணும்னு தோணுச்சுன்னா விட்டுடு."

"அத்தை?"

"அது என் பாடு. அவளை நான் பாத்துக்கிறேன். நீ உன்னைப் பாரு."

வீரமலை வரமாட்டான். அந்த வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்பாயி குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஆனால் கை கால் எல்லாம் மரத்த இடத்தில் இரத்தம் ஏறுகிற மாதிரி குத்தியது. வயிற்றை என்னவோ செய்தது. என்ன என்று யோசித்தாள்.

"மாமா, எனக்குப் பசிக்குது."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, பழைய நாளில் தெருவே கேட்கும்படி கூப்பிடுவாரே, அந்தக் குரலில், "சந்திரா! புள்ளைக்குச் சோறு எடுத்து வை!" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்த சந்திரம்மாள், மிச்சமிருந்த புளிச் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "வாயைத் தொறந்து கேட்டியே, இன்னிக்காவது" என்று தலையைக் கோதினாள். சமையலறைச் சுவரில் கை இருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. இடுப்பு முடிச்சில் அக்னஸ் கொடுத்த ஆறு விதை அப்படியே இருந்தது.

பாப்பாயி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது. அத்தை இரண்டு வருஷமாகவே உப்பை அதிகமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ, அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.